குழுவில் எழுதாதவர்கள்

புள்ளியியல் பாடம் நடத்திப் பிழைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. யாராவது "இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், எத்தனை பேரைக் கேட்டீர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டும் விடுவேன். அதனால் வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை குறைவு.

சமூக வலைத்தளங்கள் மனிதர்களை என்ன செய்கின்றன என்று பேச்சு வந்தால், நேரம் வீணாகிறது, தூக்கம் கெடுகிறது, கண் கெடுகிறது என்பார்கள். இருக்கட்டும். என் புகார் வேறு. கைப்பேசித் திரையில் தெரியும் மனிதக் கூட்டம் மிக மோசமாக எடுக்கப்பட்ட மாதிரி. மாதிரி என்று புள்ளியியலில் சொல்வது, எல்லோரையும் பற்றி அறியப் பொறுக்கியெடுத்த சிலரை. இப்படி ஒரு மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு விடைத்தாளில் யாராவது முடிவு எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் எது வெற்றி, எது அழகு, எந்த வயதுக்குள் எதையெல்லாம் முடித்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் நாம் இந்த மாதிரியைப் பார்த்துத்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சில மாதங்களுக்கு முன் இரவு வெகு நேரம் கழித்து அழைத்தாள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "எங்கள் வகுப்பில் நான் மட்டும்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், மேடம்" என்றாள். அந்த வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு; நானும் அதில் இருக்கிறேன். அந்த வாரம் ஒருவனுக்குப் பதவி உயர்வு, ஒருத்திக்கு முனைவர் பட்டம், இன்னொருவன் புது வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்கும் படம் என்று மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்திருந்தன. அவற்றின் கீழே பூங்கொத்துகளும் கைத்தட்டல்களும் நீண்ட வரிசையில் நின்றன.

ஆறுதல் சொல்வது எனக்குச் சரியாக வராது. அதனால் வேலை கொடுத்தேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசையில் எல்லார் பெயரையும் எழுதச் சொன்னேன். அறுபது பேர் கொண்ட வகுப்பு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வரிசை அவளுக்குப் பாடல் மாதிரி வந்தது. அவள் தடுமாறிய இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு, பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறு எதையாவது குழுவில் எழுதியவர்கள் பெயருக்கு எதிரே குறி போடச் சொன்னேன். ஒன்பது பெயர்களுக்குக் குறி விழுந்தது.

"மற்ற ஐம்பத்தொரு பேர் என்ன ஆனார்கள்?" என்று கேட்டேன்.

சிலரைப் பற்றி அவளுக்கே தெரிந்திருந்தது. ஒருத்திக்கு மணமுறிவு ஏற்பட்டுப் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். ஒருவன் அடுத்தடுத்து இரண்டு வேலைகளை இழந்திருந்தான். இன்னொருவன் சிறிய அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். மாலையில் வீட்டுக்குப் போகிறான். அவனுக்கு எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. இவர்களில் யாரும் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. துயரத்தில் இருப்பவர்களுக்கு எழுத மனம் வராது; சுமாராக இருப்பவர்களுக்கு எழுத எதுவும் இருக்காது. ஆயிரம் பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பி, மகிழ்ச்சியாக இருப்பவர்கள் மட்டும் திருப்பி அனுப்பினால் அந்தக் கணக்கெடுப்புக்கு என்ன மதிப்பு? இன்னும் பத்தாயிரம் பேருக்கு அனுப்பினாலும் அந்தப் பிழை குறையாது. இதை அவளுக்கு நான் நடத்தியிருக்கிறேன்.

"அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தானே நீ?" என்றேன்.

"அது பாடம், மேடம்" என்றாள்.

எழுதாதவர்கள் கணக்கில் வராததோடு கதை முடியவில்லை. எல்லோருமே ஒழுங்காக எழுதினாலும் இந்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். 1991-ல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரையில் இதைக் காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு அவர்களைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்பது அவருடைய முடிவு. முதலில் கேட்கும்போது ஏதோ வார்த்தை விளையாட்டு என்று தோன்றும். நான்கு பேரை வைத்துப் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒருத்தி, அவளுக்கு மூன்று தோழிகள், அந்த மூவருக்கும் அவள் ஒருத்திதான் தோழி. நான்கு பேரின் தோழிகள் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆறு, சராசரி ஒன்றரை. இப்போது ஒவ்வொருத்தியிடமும் போய், "உன் தோழிகளுக்கு எத்தனை தோழிகள்?" என்று கேளுங்கள். ஓரத்தில் இருக்கும் மூவரும் தனித்தனியே "மூன்று" என்பார்கள். நடுவில் இருப்பவள் "ஒன்று, ஒன்று, ஒன்று" என்பாள். ஆறு பதில்கள், கூட்டினால் பன்னிரண்டு, சராசரி இரண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருப்பவள் மூன்று பேருடைய பட்டியலில் இருப்பதால் மூன்று முறை எண்ணப்படுகிறாள், அவ்வளவுதான். நால்வரில் மூவர், தோழியைவிடத் தனக்கு ஆள் குறைவு என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார்கள்.

இதையே பெரிய அளவில் பார்க்க 2011-ல் வாய்ப்பு வந்தது. முகநூலில் அப்போது இயங்கிக்கொண்டிருந்த 72 கோடியே 10 லட்சம் பேரின் நட்பு வலையை ஆராய்ந்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக 190 நண்பர்கள். ஆனால் ஏறத்தாழ 93 சதவீதம் பேருக்கு, தங்கள் நண்பர்களின் சராசரியைவிடத் தங்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர்! தன்னைச் சுற்றியுள்ளவர்களைவிடத் தான் குறைந்தவன் என்று நினைப்பதற்கு இத்தனை பேருக்கும் எண்களே சாட்சி சொல்கின்றன. 2013-ல் ட்விட்டரை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: நாம் பின்தொடர்பவர்கள் பொதுவாக நம்மைவிட அதிகமாக எழுதுபவர்களாகவும் இருக்கிறார்கள். அதிகம் அறியப்பட்டவர், அதிகம் எழுதுபவர், அதிகம் பகிரப்படுபவர் என்று ஒவ்வொரு சல்லடையிலும் மேலே தங்குபவர்கள்தான் நம் திரைக்கு வருகிறார்கள். யாரும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டியதே இல்லை. எதை முதலில் காட்டுவது என்று நிறுவனம் செய்யும் தேர்வு இதற்கெல்லாம் மேலே தனி.

இந்தச் சாய்வை நல்லதுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். 2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது ஹார்வர்ட் மாணவர்கள் 744 பேரை நிக்கோலஸ் கிரிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் கவனித்தார்கள். ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். மற்றப் பகுதியினர் அவர்கள் "என் நண்பர்" என்று பெயர் சொன்னவர்கள். நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டவர்கள் வலையின் நடுப்பக்கத்தில் இருப்பார்கள், ஆகவே காய்ச்சல் அங்கே முதலில் வரும் என்பது கணிப்பு. அப்படியே வந்தது, சுமார் இரண்டு வாரம் முன்னதாக. இதைப் படித்த அன்று நாள் முழுவதும் எனக்கு உற்சாகமாக இருந்தது. என் தம்பியிடம் சொன்னேன். "காய்ச்சல் வந்ததற்கா அக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டான்.

மாதிரி கோணலாக இருந்தால் பொறாமையோடு போய்விடுவதில்லை, நடத்தையும் மாறுகிறது. எங்கள் அடுக்ககக் குழுவில் ஒரு சமயம், பிள்ளைகள் விளையாடும் இடத்தை வாகனம் நிறுத்துவதற்கு ஒதுக்கலாம் என்று நான்கைந்து பேர் எழுதினார்கள். நன்றாக எழுதக்கூடியவர்கள். விடியற்காலையிலும் எழுதுவார்கள், நள்ளிரவிலும் எழுதுவார்கள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. சில நாளில் அது முடிவான விஷயம் போலவே மாடிப்படியில் பேசத் தொடங்கிவிட்டார்கள். தாயார் ஒருவர் என்னிடம், "எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் எல்லோருமே கேட்கிறார்களே" என்றார். செயலாளர் பழைய காலத்து மனிதர்; வீடு வீடாகச் சீட்டு கொடுத்து எழுதி வாங்கினார். விளையாட்டு இடம் அப்படியே இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலான சீட்டுகள் வந்தன. எதிர்த்தவர்கள் ஒவ்வொருவரும் தான் மட்டுமே எதிர்ப்பதாக நினைத்திருந்தார்கள்.

இதற்கு இணையம் தேவையில்லை. டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1993-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் குடிப்பழக்கம் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அளவு மீறிக் குடிப்பது பற்றித் தனக்குத் தயக்கம் உண்டு, மற்றவர்களுக்கு அவ்வளவு தயக்கம் இல்லை என்றே சராசரி மாணவர் நினைத்தார். எல்லோரும் அப்படியே நினைத்தால் அந்த "மற்றவர்கள்" யார்? மனத்தில் கட்டிக்கொண்ட கூட்டம். அதோடு நிற்கவில்லை. பருவம் நகர நகர, ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்தே அந்த இல்லாத கூட்டத்தின் கருத்தை நோக்கி நகர்ந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தை மாணவர்கள் தாங்களே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது படத்தோடும் எண்ணிக்கையோடும் கையில் தருகிறார்கள்.

எண்ணிக்கை என்றதும் எங்கள் உறவினர் குழு நினைவுக்கு வருகிறது. யாராவது இறந்த செய்தி வந்தால், முதலில் பார்ப்பவர் கைகூப்பிய சின்னம் ஒன்றைப் போடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அதையே போடுவார்கள். நாற்பது, ஐம்பது கைகள். இறந்தவரோடு சேர்ந்து வளர்ந்தவர்களும் அதையே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு முறை பெரியப்பா மகன் ஒருவர் முதலில் பார்த்துவிட்டு, "எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், விழுந்தபோது சிரித்துவிட்டு அப்புறம் தூக்கிவிட்டார்" என்று இரண்டு வரி எழுதினார். அன்றைக்கு வந்த பதில்கள் எல்லாம் நினைவுகளாகவே வந்தன. இறந்தவர் ஹார்மோனியம் வாசிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே மனிதர்கள், ஒரே மாதிரிச் செய்தி. முதல் பதில் மட்டும் வேறு.

தற்செயலாக இருக்கலாம் என்று என் தொழில்புத்தி இடித்தது. ஆனால் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. 14,341 பேர், யாரும் கேள்விப்பட்டிராத 48 பாடல்கள். சிலர் எந்த எண்ணிக்கையும் தெரியாமல் கேட்டார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் முன்பு வந்தவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்று காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வெற்றி பெற்ற பாடல்கள் இன்னும் பெரிதாக வென்றன. ஆனால் எது வெல்லும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. எண்ணிக்கை தெரியாதவர்கள் நடுத்தரமாக மதித்த ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் நாற்பதாவது இடத்துக்குப் போனது. 2013-ல் வேறொரு குழுவினர், ஒரு செய்தித் தளத்தில் வந்த லட்சத்துக்கும் அதிகமான கருத்துகளில் சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு ஆதரவு வாக்கை ஆரம்பத்திலேயே போட்டுவைத்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. ஒரே ஒரு வாக்கு! தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் போட்ட எதிர் வாக்கைப் பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். பாராட்டில்தான் மந்தையாகப் போகிறோம் போலிருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து எங்கள் குழுவில் இறப்புச் செய்தி வந்தால் முதல் ஆளாக இரண்டு வாக்கியம் எழுதப் பார்க்கிறேன். அத்தைக்கு இதில் சந்தேகம் உண்டு. "உனக்கு மட்டும் எப்படி எல்லாரைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது?" என்று கேட்டார்.

தம்பி விஷயம் இதைவிடச் சிக்கலானது. நாற்பத்தைந்து வயது வரை லிஃப்ட் இல்லாத இடத்துக்குப் போகமாட்டான். இப்போது காலையில் ஓடுகிறான். ஓடிய தூரத்தைச் செயலியில் போடுகிறான். அவனுடைய நண்பர்கள் போடுகிறார்கள். "பார்த்தாயா, நல்ல பழக்கமும் தொற்றும்" என்று என்னை மடக்கப் பார்க்கிறான். தொற்றியதா, அல்லது ஓட ஆசை வந்த பிறகு ஓடுபவர்களாகத் தேடிச் சேர்த்துக்கொண்டானா? அவனுக்கே தெரியாது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

மேலே சொன்ன அதே கிரிஸ்டாகிஸும் ஃபவுலரும் 2007-ல் உடல் பருமன் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் பேசப்பட்டது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் பல ஆண்டுகளாக நடக்கும் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் 32 ஆண்டுத் தரவு. நண்பர் ஒருவர் பருமனானால் இவரும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்றார்கள். நண்பரின் நண்பரின் நண்பர்வரை தாக்கம் போகிறது என்றார்கள். மறு ஆண்டே கோயன்-கோல், ஃபிளெட்சர் என்ற இருவர் அதே போன்ற கணக்கு முறையைப் பதின்வயதினர் தரவில் போட்டுப் பார்த்தார்கள். தலைவலி தொற்றியது, முகப்பரு தொற்றியது, உயரமும் தொற்றியது! நண்பன் உயரமானால் நான் உயரமாவேன் என்று சொல்லும் கணக்கை எந்த அளவுக்கு நம்புவது? பழக்கங்கள் பரவுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒத்த குணம் உள்ளவர்கள் சேர்கிறார்கள், ஒரே சூழலில் வாழ்கிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுகிறார்கள். இந்த மூன்றையும் வெறும் பார்வையால் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

அப்படிச் சோதித்ததில் எனக்கு மறக்காதது 2010 நவம்பர் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நடந்தது. சுமார் 6 கோடியே 10 லட்சம் பேர். பெரும்பாலோருக்கு முகநூல், இன்று தேர்தல் நாள் என்று நினைவூட்டி, "வாக்களித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்ட நண்பர்கள் சிலரின் முகங்களையும் சேர்த்துக் காட்டியது. ஒரு சிறு பகுதியினருக்கு முகங்கள் இல்லாமல் செய்தி மட்டும். இன்னொரு சிறு பகுதியினருக்கு எதுவுமே இல்லை. பிறகு வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். செய்தி மட்டும் பார்த்தவர்களுக்கும் எதுவும் பார்க்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. முகங்களைப் பார்த்தவர்கள் சற்றே கூடுதலாக வாக்களித்தார்கள். அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்களில் அரை சதவீதத்துக்கும் கீழே என்பதும் ஒரு கூட்டம்தான். நேரடியாகச் சுமார் 60,000 வாக்குகள், நண்பர்கள் வழியாக மேலும் 2,80,000 என்று கணித்தார்கள். அந்த மறைமுக வாக்குகள் வந்ததும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான். பெயருக்கு நண்பர்களாக இருப்பவர்கள் அசைக்கவில்லை. தம்பிக்கு இதைச் சொன்னபோது, தன் பக்கம் தீர்ப்பு வந்தது போல் தலையாட்டினான். பாதித் தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன்.

பெயருக்கு நண்பர்களாக இருப்பவர்கள் வேறொன்றுக்குப் பயன்படுகிறார்கள். என் பழைய மாணவன் ஒருவன் நெடுநாள் வேலையில்லாமல் இருந்தான். அவனுடைய நெருங்கிய நண்பர்கள் உண்மையிலேயே ஓடியாடித் தேடினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே துறை, ஒரே வட்டம். அவனுக்குத் தெரிந்த காலியிடங்கள்தான் அவர்களுக்கும் தெரியும். கடைசியில், எல்லா ஆண்டுகளுக்குமான பழைய மாணவர் குழுவில் அவன் எழுதிய ஒரு வரியைப் பார்த்து, ஏழெட்டு ஆண்டு மூத்த ஒருவர் தகவல் சொன்னார். நேரில் பார்த்தால் இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதியதும் இதுதான். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம், அந்த மனிதரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8.

அவர் கேட்டது சில டஜன் பேரிடம். 2022-ல் வெளிவந்த ஆய்வு, வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்டுஇன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று பரிந்துரைக்கும் முறையை 2015 முதல் 2019 வரை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்தார்கள். சிலருக்கு நெருங்கியவர்களை அதிகம் காட்டினார்கள், சிலருக்குத் தூரத்து ஆட்களை. வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது ஓரளவு தூரத்தில் இருந்தவர்கள்தான். முற்றிலும் தொடர்பற்ற தூரத்தில் இருப்பவர்கள் அவ்வளவு உதவவில்லை. கணக்காகப் பார்த்தால் மிக அழகான ஆய்வு. குலுக்கல் இருக்கிறது, அளவு இருக்கிறது, விடை தெளிவாக வருகிறது.

ஆனால் அந்த 2 கோடிப் பேருக்கும் தாங்கள் சோதனையில் இருப்பது தெரியாது. ஒருவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டி, இன்னொருவருக்குச் சற்றுக் குறைத்துப் பார்க்கும் சோதனை. முகநூல் 2012 ஜனவரியில் 6,89,003 பேரின் பக்கங்களில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ ஒரு வாரத்துக்குக் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று பார்த்தது. 2014-ல் முடிவு வெளியானபோது பெரிய கண்டனம் எழுந்தது. கட்டுரையை வெளியிட்ட இதழே கவலை தெரிவித்துக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. என் மாணவர்கள் விடுதியில் பத்துப் பேரிடம் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால்கூட, அவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கி வந்து என்னிடம் காட்ட வேண்டும். காட்டாதவர்களின் தரவை நான் பார்க்கவே மாட்டேன். லிங்க்டுஇன்னில் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஆண்டுகளிலும் இருந்தது. நான் அந்தச் சோதனையில் இருந்தேனா, இருந்தால் எந்தப் பிரிவில் போட்டார்கள் என்று அறிந்துகொள்ள எனக்கு வழியில்லை.